மலையகத்துக்கு ஒரே நூலக அட்டை: உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா மாநகர முதல்வர், ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை நகர சபைகளின் தவிசாளர்கள், மாவட்டத்தின் ஒன்பது பிரதேச சபைகளின் தவிசாளர்கள், சபை உறுப்பினர்கள், செயலாளர்கள், எல்லாருக்கும் மேலாக நூலகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் 12 மன்றங்களில் ஏதாவது ஒன்றின் நூலகத்தில் அங்கத்தவராக இருப்பவர், மற்ற மன்றங்களின் நூலகங்களிலும் அதே அட்டையைக் காட்டிப் புத்தகம் இரவல் எடுக்க வழி செய்யுங்கள். எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை ஓர் இடத்தில் பார்க்கும்படி செய்யுங்கள். தூரத்து ஊரில் இருக்கும் புத்தகம் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டவரின் ஊருக்கு வந்து சேரட்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். புதுக் கட்டடம் கேட்கவில்லை. புதிதாகப் புத்தகம் வாங்குங்கள் என்றுகூட இந்த மடலில் கேட்கவில்லை.

நான் பொகவந்தலாவைப் பக்கம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தோட்டத்துப் பிள்ளைகள். சாதாரண தரம் வரைக்கும் பாடப்புத்தகத்தோடும் டியூஷன் நோட்டோடும் காலம் ஓடிவிடும். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. அரசறிவியலோ புவியியலோ எடுத்த பிள்ளைக்கு, ஆசிரியர் கொடுத்த குறிப்புக்கு வெளியே இன்னொரு புத்தகம் தேவைப்படுகிறது. வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம் படிக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் அதே பாடுதான், இன்னும் கூடுதலாக.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பம் எத்தனை சபை எல்லைகளைத் தாண்டி வாழ்கிறது என்று பாருங்கள். வாக்கு நோர்வூட் பிரதேச சபைக்கு. நோய் முற்றினால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. மூத்த பிள்ளையின் டியூஷன் ஹட்டனில். வங்கி, நகை அடகு, கல்யாணச் சேலை, கொழும்புக்குப் போகும் ரயில் எல்லாம் ஹட்டனில்தான். ஆசிரியர் பயிற்சிக்குக் கொட்டகலை, சொந்தபந்தம் பார்க்கத் தலவாக்கலை, கச்சேரி என்கிற மாவட்டச் செயலக வேலைக்கு நுவரெலியா. பஸ்ஸில் போகிறவர்களில் யாரும் எந்த வளைவில் ஒரு சபை முடிந்து அடுத்த சபை தொடங்குகிறது என்று பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. வைத்தியசாலை வாசலில் உங்கள் வாக்கு எந்தச் சபைக்கு என்று யாரும் கேட்பதில்லை. நூலக வாசலில் கேட்கிறார்கள்.

இது நூலகரின் குற்றம் இல்லை. படிவம் அப்படி இருக்கிறது. நான் பார்த்த அங்கத்துவப் படிவங்களில், விண்ணப்பிப்பவர் சபை எல்லைக்குள் வசிக்க வேண்டும் என்று இருக்கிறது. கூடவே அந்தச் சபைக்குச் சோலைவரி, அதாவது வீடு கடைக்கான வரி, கட்டும் ஒருவரின் பிணையும் கேட்கிறார்கள். நகரத்தில் வீடு கடை உள்ளவர்களுக்கு இது ஒரு கையெழுத்தோடு முடிகிற வேலை. தோட்டத்தில் இருப்பவர் என்ன செய்வார்? அவர் குடியிருக்கும் லயன் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டு அறை, அவர் பெயரில் இல்லை. நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. அவர் சோலைவரி கட்டுவதில்லை, அவருடைய மாமன் மச்சான், பக்கத்துக் காம்பராக்காரர் யாருமே கட்டுவதில்லை. ஆக, பிணைக்கு நகரத்தில் ஒருவரைத் தேட வேண்டும். நகரத்தில் அவருக்குத் தெரிந்தவர் கடனுக்குச் சாமான் தரும் கடைக்காரர்தான். பழைய பாக்கி நிற்கிற இடத்தில் போய்ப் புத்தகத்துக்கும் ஒரு கையெழுத்துக் கேட்க எந்தத் தகப்பனுக்கும் கூச்சமாக இருக்காதா?

ஒரு சனிக்கிழமை, டியூஷன் விட்ட நேரம். ஒரு நகர நூலகத்தின் இரவல் மேசைக்கு முன்னால் இரண்டு பெண்பிள்ளைகள் நின்றார்கள். எந்த ஊர் என்று மேசையில் இருந்தவர் கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், “அது நம்ம ஏரியா இல்லையே மகள்” என்றார். கனிவாகத்தான் சொன்னார். இங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம், அதற்குத் தடை இல்லை என்றும் சொன்னார். ஆனால் தோட்டத்துக்குப் போகும் பஸ் அவர்களை உட்கார விடாது. மூத்தவள் உசாத்துணைப் பகுதியில் நின்றபடியே இரண்டு பக்கங்களைப் போனில் படம் பிடித்தாள். மற்றவள் அதுவரை புத்தகம் மூடாமல் விரலை வைத்துப் பிடித்திருந்தாள். பிறகு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். படிக்க விரும்பி வாசல்வரை வந்த பிள்ளையை ஒரு வரைபடக் கோட்டுக்காகத் திருப்பி அனுப்புகிறோம். இதை மாற்ற உங்களால் முடியும்.

இந்தச் சபை எல்லைகளைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்தான், அதை நான் மறக்கவில்லை. நுவரெலியா பிரதேச சபையும் அம்பகமுவ பிரதேச சபையும் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஒற்றைச் சபையாக இருந்த காலத்தில், பிரித்துத் தாருங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டோம். 2018 தேர்தலோடு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று நான்கு புதிய சபைகள் வந்தன. நியாயமான கோரிக்கை, நல்ல முடிவு. ஆனால் நேற்றுவரை ஒரே சபைக்குள் இருந்த ஊர்கள் இன்று வெவ்வேறு சபைகளுக்குள் இருக்கின்றன. தெருவிளக்கும் குப்பை லொறியும் இப்படிப் பிரிந்தால் மக்களுக்கு லாபம். புத்தகம் பிரிந்தால் எல்லாருக்கும் நட்டம். தேயிலை மலைகள் நிறைந்த ஒரு சபைக்கு வரி வருமானம் எவ்வளவு வரும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த வருமானத்தில் ஒவ்வொரு சபையும் தனித்தனியாக ஒரு முழு நூலகத்தைக் கட்டி எழுப்ப இன்னும் ஒரு தலைமுறை ஆகும். என் மாணவிக்கு ஏ.எல். பரீட்சை அடுத்த வருடம்.

மலையகத்தில் புத்தகம் இல்லை என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. அது பாதி உண்மைதான். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது. தேயிலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் தேயிலை பறிக்கிறவர்களின் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, இரண்டுக்கும் நூலகம் உண்டு. கல்வி, உளவியல் பற்றித் தமிழில் தேடுகிறவர் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடங்கள் அவை. கண்டிக்குப் போனால் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம். தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றி 1972 முதல் வேலை செய்துவரும் சத்தியோதயமும் கண்டியில்தான். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயன் காம்பராக்களிலேயே, 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இயங்குகின்றன. பேராதனைப் பல்கலைக்கழக நூலகமோ சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி போய்ச் சேரும் நூலகங்களில் ஒன்று. இவ்வளவும் ஒரே மலைத்தொடரில், அநேகமாக ஒரே ரயில் பாதையை ஒட்டி இருக்கின்றன. ஒரு நூலகத்தில் என்ன இருக்கிறது என்று பக்கத்து நூலகத்துக்குத் தெரியாது.

எந்த நூலகத்துக்குப் போனாலும் நான் திகதிச் சீட்டைப் பார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தாள்தான் ஒரு புத்தகத்தின் வாழ்க்கைக் குறிப்பு. ஒரு சிறு நகரத்து நூலகத்தில், அரசறிவியல் பற்றித் தமிழில் எழுதிய ஒரு நல்ல புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சீட்டில் இரண்டே முத்திரைகள். நாவல் நிற மை மங்கிப் போயிருந்தது. பின்னட்டையில் பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது, ஓரத்தில் வெள்ளிப் பூச்சி அரித்த தடம். அதே புத்தகத்தைத் தேடி என் சக ஆசிரியை ஒருவர் கண்டிவரை போய்ப் போட்டோ கொப்பி எடுத்து வந்தார். வாங்கிய நாளில் இருந்து அது அந்தச் சிறு நகரத்து அலுமாரியில்தான் இருந்திருக்கிறது, அவருடைய பாடசாலையில் இருந்து ஒரு மணித்தியால பஸ் தூரத்தில். நம்முடைய பனியிலும் மழையிலும் யாரும் திறக்காத புத்தகம் கெட்டுத்தான் போகும். கைமாறினால் காற்றுப் படும். காற்றுப் பட்டால் நிலைக்கும்.

பெரிய மாநகரங்களும் இதே சிக்கலைச் சந்தித்துத்தான் வழி கண்டன. நியூயோர்க் ஒரே மாநகரம், ஆனால் அங்கே பொது நூலக அமைப்புகள் மூன்று. மன்ஹாட்டன், பிரொங்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகியவற்றுக்கு ஒன்று, புரூக்ளினுக்கு ஒன்று, குவீன்ஸுக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி நிர்வாகம். ஆனாலும் ஒன்றில் எடுத்த அட்டையை மற்ற இரண்டிலும் பதிந்து பயன்படுத்தலாம். அதே நகரத்தில் பல்கலைக்கழக நூலகம், அருங்காட்சியக நூலகம், பொது நூலகம் என்று பல வகை நூலகங்களை ஒன்றுசேர்க்க 1964இல் ஒரு மாநகர நூலக மன்றத்தையும் அமைத்தார்கள். டெல்லியில் 1988இல் நகரத்து நூலகங்கள் சேர்ந்து டெல்நெட் என்ற வலைப்பின்னலைத் தொடங்கின. ஒன்றிணைந்த நூற்பட்டியல் ஒன்றை உண்டாக்கி, ஒருவருக்கொருவர் புத்தகம் இரவல் கொடுத்தார்கள். இன்று அது டெல்லியையும் தாண்டிப் போய்விட்டது. சிங்கப்பூரில் ஒரு நூலகத்தில் எடுத்த புத்தகத்தை இன்னொரு நூலகத்தில் திருப்பிக் கொடுக்கலாம், தமிழ்ப் புத்தகமானாலும் சரி. இவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று சொல்லத் தோன்றும். பணம் இருக்கிறவர்களே ஒரே புத்தகத்தை எல்லா இடத்திலும் வாங்கி வைக்க முடியாது என்று உணர்ந்து பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால், நாம் அதை இன்னும் முன்னதாகவே செய்திருக்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? பட்டியலில் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அட்டை முதலில் வரலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அட்டையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய ஏழைப் பிள்ளையிடம் பஸ் காசு இல்லை.

பட்டியலாக்கத்தில் நம் நூலகங்களுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு, அவற்றை மறைக்காமல் பேசுவோம். பல இடங்களில் இன்னும் சேர்வுப் பதிவேடு கையெழுத்தில்தான் இருக்கிறது. பெரிய நீளப் புத்தகம், இலக்கம், திகதி, ஆசிரியர், தலைப்பு, விலை என்று கட்டங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத உத்தியோகத்தர் பதிந்த இடங்களில் தமிழ்ப் புத்தகத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக. அவரை நான் குறை சொல்லவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை அந்த இடத்துக்கு நியமிக்காதது மேலே உள்ளவர்களின் பொறுப்பு. கணினியில் ஏற்றிய இடங்களில் வேறு தொல்லை: பாமினி எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த பட்டியலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலையும் காலும் இல்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இரண்டு நூலகங்களின் பட்டியலை ஒன்றாக்கித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும், அதுதான் பெரிய வேலை. பழைய மலையக வெளியீடுகளில் ஐ.எஸ்.பி.என். இலக்கமும் இருக்காது. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், வருடம் நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் இதுவும் அதுவும் ஒரே புத்தகம் என்று முடிவு செய்ய முடியும்.

மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கோஹா என்று ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற ஒரு சின்ன மாவட்டத்தின் நூலகங்களுக்காக எழுதி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது தங்கள் பழைய கணினி முறை நின்றுவிடும் என்ற நிலைமையில், விலை கொடுத்து இன்னொன்றை வாங்காமல் தாங்களே எழுதச் செய்து, உலகத்துக்கும் இலவசமாகத் திறந்து விட்டார்கள். யுனிகோட் தமிழையும் சிங்களத்தையும் அது ஏற்றுக்கொள்ளும், பல கிளைகளை ஒரே பட்டியலில் காட்டும். ஆனால் முதல் வருடத்துக்கு அதுகூடத் தேவையில்லை. எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பொது விரிதாளில் தலைப்பு, ஆசிரியர், வருடம், எந்த நூலகம் என்று நான்கு கட்டங்கள் போதும். அதையும் முதலில் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் செய்தால் ஒரு பாடசாலை விடுமுறைக்குள் பெரும்பகுதி முடியும்.

தமிழ்ப் பகுதி என்று சொன்னதால் இது தமிழ் வாசகருக்கு மட்டுமான ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம். வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் சிங்கள வாசகர்களே அதிகம். அவர்கள் தேடும் புத்தகம் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ தூங்கிக் கிடக்கலாம். எங்கள் பக்கத் தோட்டங்களில் சிங்களம் படிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு அந்தப் பக்கத்துச் சிறுவர் புத்தகங்கள் உதவும். அட்டை எல்லாருக்கும் ஒன்றுதான்.

அடுத்தது பை. நூலகப் பை என்றே பெயர் வைக்கலாம். ஹட்டனில் காலையில் எந்த இ.போ.ச. பஸ்ஸைப் பார்த்தாலும் சாரதியின் பக்கத்தில் பத்திரிகைக் கட்டு, மருந்துப் பெட்டி, உதிரிப் பாகம் என்று ஏதாவது ஒரு பார்சல் இருக்கும். மேல் ஊரில் ஒருவர் ஏற்றிவிடுவார், கீழ் ஊரில் ஒருவர் காத்திருந்து வாங்குவார். மழைக்கு நனையாத ஒரு கான்வஸ் பை, ஒரு பூட்டு, உள்ளே என்ன போகிறது என்று எழுதிய ஒரு துண்டு இருந்தால் புத்தகமும் அப்படிப் போய்ச் சேரும். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ ஒரு பாதை. ஹட்டன், மஸ்கெலியா இன்னொன்று. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா மூன்றாவது. புதன்கிழமை ஏற்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லா இடத்துக்கும் போய்விடும், சனிக்கிழமை டியூஷனுக்கு வரும் பிள்ளை எடுத்துக்கொண்டு போகும். மண்சரிவு வந்து பாதை அடைபடும் வாரங்களில் தாமதமாகட்டும், பரவாயில்லை.

நூலகர்களோடு பேசினால் அவர்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. தொலைந்துபோனால்? வருட முடிவில் இருப்புச் சரிபார்க்க வருவார்கள். ஒரு புத்தகம் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும், சில நேரம் சொந்தச் சம்பளத்தில் கட்ட வேண்டும் என்ற பயம். இந்தப் பயம் நியாயமானது. ஒருவரும் தொடாமல் பூட்டி வைத்த புத்தகத்துக்குக் கணக்காய்வில் கேள்வி வராது, நூறு பேர் வாசித்துத் தொலைந்த புத்தகத்துக்குக் கேள்வி வரும் என்றால் எந்த நூலகர்தான் கதவைத் திறந்து விடுவார்? ஆகவே இதைச் சபைகள் தங்கள் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசகர் எந்தச் சபையின் அங்கத்தவரோ அந்தச் சபை, தொலைந்த புத்தகத்தின் விலையை, அதை இரவல் கொடுத்த சபைக்குக் கட்டிவிட்டு வாசகரிடம் அறவிடட்டும். பையில் போன புத்தகம் இருப்புக் கணக்கில் “பிற நூலகத்தில்” என்று நிற்கட்டும், குறைவு என்று நிற்க வேண்டாம். வருடத்துக்கு இத்தனை வீதம் இழப்பு இயல்பு என்று உள்ளூராட்சி ஆணையாளர் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை தரட்டும். அந்த ஒரு கடதாசி இருந்தால் நூலகர்கள் இந்தத் திட்டத்தை உங்களுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்குப் புத்தகத்தின் மேல் ஆசை இல்லாமல் இல்லை.

தோட்டத்துக்குள் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று சபைகள் சொல்லும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைத்தான் அப்படிக் காட்டுவார்கள். அது 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தக் காரணம் இல்லை. தோட்டப் பாடசாலையும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவும் பை போய் நிற்கும் கடைசி இடங்களாக இருக்கலாம். பாடசாலை அதிபரோ கிராம அலுவலரோ சான்று தந்தால் பிணை தேவையில்லை என்று உபவிதியில் ஒரு வரி சேர்த்தால், சோலைவரிப் பிரச்சினையும் தீர்ந்தது. 1931இல் தமிழ்நாட்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். நம்முடைய பாதையில் பஸ்ஸே ஓடுகிறது.

பட்டியல் எடுக்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று, எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது. ஒவ்வொரு ஊரிலும் மூலையில் ஒரு கட்டு கிடக்கும்: கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், ஊர்க் கவிஞர் சொந்தக் காசில் அச்சடித்த சிறு தொகுப்பு, நின்றுபோன சிற்றிதழ். இலக்கம் இல்லாததால் பதிவேட்டில் ஏறாது. பழைய கடதாசி என்று ஒரு நாள் எடைக்குப் போய்விடும். நம் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் கடைசியில் துரைமாரின் அறிக்கைகளையும் அரசாங்கக் கோப்புகளையும்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் அவைதான் பத்திரமாக இருக்கின்றன. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோன துண்டுப்பிரசுரங்கள் எத்தனை இன்று கையில் கிடைக்கும்? நடேசய்யர் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்து 1931இல் தொழிற்சங்கம் தொடங்கினார். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் யாராவது வீட்டு றங்குப் பெட்டியில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 வருடங்களுக்குப் பதிப்புரிமை நிற்கும். நடேசய்யர் 1947இல் காலமானார். அவர் எழுதியதை யாரும் தயங்காமல் எண்ணிமப்படுத்தலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நம் நூலகங்கள் சேர்ந்து பட்டியல் போட்டு, இன்னது எங்களிடம் இருக்கிறது, வந்து ஸ்கேன் செய்யுங்கள் என்று சொன்னால் அந்த வேலை பாதியாகும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, ஒரே பிரதியாக இருந்தவை ஒரேயடியாகப் போயின. மலையகத்தில் நெருப்பு வைக்க வேண்டியதில்லை, ஈரமும் அலட்சியமும் போதும்.

ஊவாவையும் சேர்க்கத்தான் ஆசை. பதுளையும் பண்டாரவளையும் ஹப்புத்தளையும் இல்லாமல் மலையகம் இல்லை. ஆனால் அது வேறு மாகாணம், வேறு ஆணையாளர், வேறு சுற்றறிக்கை. முதலில் மத்திய மாகாணத்துக்குள், அதிலும் நுவரெலியா மாவட்டத்துக்குள் ஓடிக் காட்டுவோம். கண்டி மாநகர சபை இரண்டாம் கட்டத்தில் சேரட்டும். பேராதனையிடம் புத்தகம் இரவல் கேட்கத் தேவையில்லை. பொது நூலகத்தின் வழியாக ஒரு கட்டுரைக்கோ ஓர் அத்தியாயத்துக்கோ போட்டோ கொப்பி கேட்டால், நியாயமான கட்டணத்துக்கு அனுப்பிவைப்பார்களா என்று எழுதிக் கேட்போம். வாங்குவதையும் கொஞ்சம் பேசி வாங்கலாம். எல்லாச் சபைகளும் ஒரே பரீட்சை வழிகாட்டியைப் பத்துப் பத்துப் பிரதி வாங்குவதற்குப் பதிலாக, சட்டம் ஒருவர், மருத்துவத் தாதியியல் ஒருவர், மலையக வரலாறு ஒருவர் என்று பொறுப்பெடுக்கலாம்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் ஊர்களில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாத காலம் அது. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். வேறு வேறு கட்சி, வேறு வேறு சின்னம். இந்த ஒரு விஷயத்தில் கட்சி பார்க்க ஒன்றும் இல்லை.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். வருடா வருடம் பேச்சுப் போட்டியும் சித்திரப் போட்டியும் வைத்து, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துக்கொள்கிறோம். அதுவும் நடக்கட்டும். இந்த முறை அதற்கு முன்னால் 12 மன்றங்களிலும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள்: ஒருவர் அங்கத்துவத்தை மற்றவர் ஏற்பது, தோட்ட முகவரிக்குப் பிணை கேட்காதது, பட்டியலைப் பொதுவில் வைப்பது. 12 மன்றங்களும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ளாவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஹட்டன்–டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை மூன்றும் தொடங்கினாலே ஒரு பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்.

பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்ய, பாமினியில் இருப்பதை யுனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்த, எங்கள் பாடசாலையிலும் பக்கத்துப் பாடசாலைகளிலும் ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் வருவார்கள், தமிழ் தட்டச்சு அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். சம்பளம் வேண்டாம். தேநீரும் பஸ் காசும் கொடுத்தால் போதும். சனிக்கிழமைகளில் எந்த நூலகத்துக்கு வர வேண்டும், பதிவேட்டு அலுமாரியின் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் அந்தந்தச் சபைச் செயலாளர்கள் பாடசாலை அதிபர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இருந்து ஓர் ஆசிரியர்